சைகைக்குக் குரல் குடுக்கப் போய் நான் பட்ட பாடு

பேச்சைக் கேட்டு சைகைல சொல்லச் சொன்னா சைகை மொழி இன்டர்பிரட்டர் (மொழிபெயர்ப்பாளர்) யாரும் பயப்பட மாட்டாங்க. டெஃப் ஸ்பீக்கர், அதாவது காது கேளாத பேச்சாளர், சைகை பண்ணுவாங்க, நீங்க மைக்ல குரல் குடுங்கன்னு சொன்னாதான் பாதி பேருக்கு அன்னிக்குன்னு பார்த்து வேற வேலை வந்துடும்.

நான் மாட்டினது ஒரு கருத்தரங்குல. ஸ்லைடை முன்னாடியே அனுப்புங்கன்னு ஏற்பாட்டாளர்கிட்ட கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சு, "அவங்க கையைப் பார்த்து அப்படியே சொல்லுங்க போதும்"னு பதில். அங்க போனா என் நாற்காலியும் மைக்கும் மேடைல, ஸ்பீக்கருக்குப் பின்னாடி! முதுகைப் பார்த்து எதைங்க சொல்றது? நிறைய சைகை மொழிகள்ல புருவம் ஏறினா ஆமா இல்லைன்னு பதில் வர்ற கேள்வி, சுருங்கினா ஏன் எப்போன்னு கேக்குற கேள்வி, முகம் தெரியலன்னா பாதி இலக்கணம் போச்சு. சண்டை போட்டு கடைசி நிமிஷத்துல முன்வரிசைக்கு மாறினேன், மைக் ஒயர் எட்டாம குனிஞ்சுகிட்டே பேச வேண்டியதாப் போச்சு, அப்படி மடங்கி உக்காந்தா மூச்சே சரியா இறங்காது, குரல் எங்க வளையும்?

ஸ்பீக்கர் தன்னோட மேனேஜர் கதையைச் சொன்னாங்க. மார்பை விரிச்சு தாடையைத் தூக்கி இடதுபக்கம் திரும்பினா மேனேஜர், தோளைக் குறுக்கி வலதுபக்கம் திரும்பினா அவங்களே. பார்க்க அவ்ளோ அழகு. ஆனா மைக்ல ரெண்டு பேரும் ஒரே ஆளா, ரயில் அறிவிப்பு மாதிரி வந்தாங்க. சிரிப்பு வர வேண்டிய இடத்துல ஹால் கம்முனு இருக்க, அவங்க கையை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. நகைச்சுவை அவங்களோடது, கொன்னது என் குரல்னு ஹாலுக்குத் தெரியாதே, பேரு கெட்டது அவங்களுக்குத்தான்.

அப்புறம் யாரைக் கேட்டாலும் "சத்தமா பேசு, தைரியம் வந்துடும்"னாங்க. சுத்த வேஸ்ட். எனக்கு உதவினது ஸ்ட்ரா. அதை வாய்ல வச்சு, உதட்டை இறுக்கிகிட்டு, அது வழியா "ஊஊஊ"ன்னு கீழ் சுருதில இருந்து மேல வரைக்கும் இழுத்து இறக்கணும், எதிர்க்காத்து அழுத்தம் இருக்குறதால குரல் நாண் அடிபடாம இளகும். வேலைக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் செஞ்சாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொண்ணு, டெஃப் ஆளுங்க கதை சொல்ற வீடியோவுக்கு நாமளே குரல் குடுத்து ரெக்கார்ட் பண்ணிட்டு, மறுநாள் படத்தைப் பார்க்காம ஆடியோவை மட்டும் கேளுங்க. யார் பேசுறாங்கன்னு தெரியுதா? எனக்குத் தெரியல. எல்லா வாக்கியமும் கடைசில தொபுக்குனு விழுது, நடுவுல ஏகப்பட்ட "வந்து". கேக்கவே கூசும், ஆனா கேட்டுத்தான் ஆகணும். அதுக்காக மேனேஜருக்குக் கட்டைக்குரல், குழந்தைக்கு கார்ட்டூன் குரல்னு மிமிக்ரில இறங்கிடாதீங்க. ஆண் ஸ்பீக்கருக்குப் பெண் குரல் குடுத்தாலும் "நான்"னுதான் பேசுவோம், கேக்குறவங்க ரெண்டு நிமிஷத்துல பழகிடுவாங்க. வேகமும் அழுத்தமும் மாறினாலே ஆள் மாறிடும்.

பேச ஆரம்பிக்க அவசரப்படாதீங்க. கருத்து முழுசா கைக்கு வர்றதுக்குள்ள வாயைத் திறந்தாதான் குரல் நடுங்குது, ரெண்டு செகண்ட் அமைதியா இருந்தா யாரும் மைக் ஆஃப்னு நினைக்க மாட்டாங்க. சைகைல ஒருத்தரை விரலால சுட்டிக் காட்டுறதுல ஆணா பெண்ணான்னு வராது, தமிழ்ல வினை முடியும்போது சொல்லியே ஆகணும், தெரியுற வரைக்கும் "அவங்க"ன்னு ஓட்டிடலாம். விரல்ல எழுதிக் காட்டுற பேர் தவறிப்போச்சுன்னா முணுமுணுத்து சமாளிக்காம ஸ்பீக்கர்கிட்டயே திரும்பக் கேளுங்க.

நீளமான நிகழ்ச்சின்னா தனியா ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. இருபது நிமிஷத்துக்கு மேல மூளை களைச்சுடும், அது முதல்ல தெரியுறது குரல்லதான். கூட ஒருத்தர் இருந்தா மாத்தி மாத்திப் பேசலாம், விட்டுப்போன நம்பரை எடுத்துக் குடுப்பாங்க. அதை எப்படிக் குடுக்கணும்னு மட்டும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, தாள்ல எழுதிக் காட்டுறது உத்தமம். மைக் ஆன்ல இருக்கும்போது காதுல சொன்னா அதையும் சேர்த்து ஹாலே கேட்டுடும்.