குடுவைக்குள் ஒரு சவ்வு

காலையில் சாட்ஸ்வர்த்திலிருந்து அம்மா போன். "கிருமியோடதான் இன்னும் வேலையா? கையை நல்லா கழுவு கண்ணு." இப்போது என்னிடம் கிருமியே இல்லை அம்மா. அதன் வெளிச்சவ்வில் நெருக்கமாக நிற்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு மட்டும்தான்.

நம் செல்சவ்வைக் கட்டும் பாஸ்போலிப்பிடு என்ற மூலக்கூறுக்குக் கொழுப்பு வால் இரண்டு. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் இந்த மூலக்கூறுக்கு ஆறு! தலைப்பக்கம் எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட். ஒன்றையொன்று தள்ள வேண்டியவற்றை, செங்கல்லுக்கு நடுவே சாந்து போல, மக்னீசியமும் கால்சியமும் பிடித்து வைக்கின்றன.

1960களில் அலெக் பாங்கம் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி காட்டிய வழியில்தான் மாதிரிச் சவ்வு செய்கிறோம். குடுவையின் அடியில் கொழுப்பை மெல்லிய படலமாக உலரவிட்டு, தண்ணீர் ஊற்றி ஆட்டினால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள். உள்ளே கால்சீன் சாயம். அடைபட்டிருக்கும்வரை மங்கல், கசிந்தால் பளிச்சென்று பச்சை.

இன்று லிப்போபாலிசாக்கரைடு கலந்த குமிழிகளில் பாலிமிக்சின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை விட்டேன். அது மக்னீசியத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், தன் வாலைச் சவ்வுக்குள் செருகும். பச்சை ஏறியது. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குப் போன வருடம் எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுத்த கொலிஸ்டின் இதே குடும்பம்தான். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் பயந்துகொண்டேதான் கொடுத்தார்கள்.

அப்புறம் மக்னீசியத்தைக் கூட்டி மறுபடி செய்தேன். பச்சை மெதுவாகத்தான் ஏறியது. உடனே அம்மாவுக்குத்தான் போன் செய்தேன்.