ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று

"ஏசியை அமத்துப்பா, கை காலெல்லாம் விறைக்குது" என்று அம்மா பின்சீட்டிலிருந்து சொன்னபோது, வண்டி பெருமாள்மலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு லாரியின் பின்னால் நின்று நின்று ஊர்ந்துகொண்டிருந்தது. நான் ஏசி போடவே இல்லை. போட்டிருந்தது ஹீட்டர். குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருப்பி வைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. வந்ததெல்லாம் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி காற்று.

எங்களுக்கு மண்டபம். இரண்டு பக்கமும் கடல். மார்கழி விடிகாலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவதுதான் எங்களுக்குத் தெரிந்த அதிகபட்சக் குளிர். செகண்ட் ஹேண்டில் வாங்கின டீசல் கார், ஆறு வருஷமாக என்னிடம் இருக்கிறது, அந்தக் குமிழின் சிவப்புப் பக்கத்தை நான் ஒருநாள்கூடத் தொட்டதில்லை. அது வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, வெயில் ஊரில் எவன் பார்ப்பான்? டிசம்பர் லீவில் பிள்ளை கேட்டாள் என்று கொடைக்கானல் கிளம்பி, மதுரையில் சாப்பிட்டு, வத்தலக்குண்டு தாண்டும்போதே இருட்டிவிட்டது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். நாங்கள் கடல் மட்டத்திலேயே வாழ்கிறவர்கள்.

குளிரைக்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தாங்கிவிடலாம், கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடித்து எதிரே வருகிற விளக்கு பஞ்சு மாதிரி தெரிந்ததைத்தான் தாங்க முடியவில்லை. இதற்கு ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பவேண்டும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கிக் கண்ணாடிமேல் அனுப்பும், ஆவி நிமிஷத்தில் போய்விடும். எனக்குப் பாதிதான் வேலை செய்தது. மீதிப் பாதியை என் மனைவி துண்டால் துடைத்தபடியே கொடைக்கானல்வரை வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை விடுதி வாசலில் பேனட்டைத் திறந்தேன். கார் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடான தண்ணீர் இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்பும். மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் காயில் என்பார்கள். அதன் வழியாகக் காற்றாடி ஊதினால் சூடான காற்று, அவ்வளவுதான். ஆகவே ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் முதலில் அந்த இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்க்கவேண்டும். வண்டியை நன்றாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொடுங்கள், பெல்ட்டில் கையைக் கொடுக்காதீர்கள். இரண்டும் கைவைக்க முடியாத சூடாக இருந்தால் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறது, கோளாறு உள்ளே காற்றைத் திருப்புகிற தட்டில் இருக்கிறது. குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் அந்தத் தட்டு நகரும் சத்தமே கேட்கவில்லை என்றால் அதன் கேபிளோ குட்டி மோட்டாரோ போயிருக்கும். ஒன்று சூடு, இன்னொன்று பச்சைத்தண்ணி என்றால் காயில் அடைத்திருக்கிறது, அல்லது சில வண்டிகளில் அந்த வழியில் இருக்கிற வால்வு திறக்கவில்லை. இரண்டுமே சூடில்லை என்றால் தண்ணீர் குறைவு, உள்ளே ஏர் லாக் (குழாயில் காற்று அடைத்துக்கொள்வது), வாட்டர் பாடி, அதாவது தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பு, பலவீனம், இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் என்கிற சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு. ஓடும்போது கொஞ்சம் வெதுவெதுப்பு, நின்றால் குளிர் என்றால் தண்ணீர் அளவைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

என் வண்டியில் ஒன்று வெதுவெதுப்பு, இன்னொன்று அதைவிடக் குறைவு. அதாவது எதிலும் சேராத கேஸ். ஊரைச் சுற்றிவிட்டு வந்த பிறகும் சூடு காட்டும் முள் கால்வாசியிலேயே படுத்துக் கிடந்தது. அது இரண்டு வருஷமாக அங்கேயேதான் இருந்தது, நான்தான் "நம்ம வண்டி சூடே ஏறாது" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன் (சூடாக இருக்கும்போது அதைத் தொடவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் முகத்தில் பீய்ச்சும்). உள்ளே பழைய டீ நிறத்தில் ஒரு திரவம். அதைக் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலக்கிற திரவம், என்று சொல்ல மனசு வரவில்லை.

ஊர் திரும்பியதும் ராமநாதபுரத்தில் வழக்கமாகப் போகும் பட்டறையில் விட்டேன். அதை நடத்துகிற காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) முப்பது வருஷமாக டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவர். தெர்மோஸ்டாட் இருக்கிற மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உள்ள வால்வே இல்லயே."

"எங்க காக்கா போச்சு?"

"யாரோ கழட்டிப் போட்டுட்டு சும்மா மூடி வச்சிருக்காங்க. மே மாசத்துல எங்கயாச்சும் சூடேறி நின்னீகளா?"

நின்றிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பரமக்குடி தாண்டி, அக்னி நட்சத்திர வெயிலில், முள் சிவப்பைத் தொட்டு. ரோட்டோரப் பட்டறையில் ஒருவர் அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தார், அதற்குப் பிறகு முள் ஏறவே இல்லை. அவரைப்போல ஒரு கைராசிக்காரர் உண்டா என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அவர் செய்தது, கதவு சரியாகத் திறக்கவில்லை என்று கதவையே பெயர்த்து எடுத்ததுதான். தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்ன வால்வு. எஞ்சின் தண்ணீர் 82 டிகிரியோ 88 டிகிரியோ, வண்டிக்கு ஏற்றபடி, ஒரு சூட்டைத் தொடும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருக்கும். அதனால்தான் எஞ்சின் சீக்கிரம் சூடாகிறது, ஹீட்டருக்கும் சூடான தண்ணீர் கிடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கே ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். வெயில் ஊரில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. "நம்ம ஊருக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்று எத்தனையோ பேர் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும், தேய்மானமும் அதிகம். மைலேஜ் குறைந்ததற்கு நான் பெட்ரோல் பங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

சரி, மே மாதம் ஏன் சூடேறியது? காக்கா ரேடியேட்டர் ஹோஸின் கிளாம்பைக் காட்டினார். விரலால் தட்டினால் அப்பளமாக நொறுங்குகிற துரு. கடற்காற்றில் நிற்கிற வண்டிக்கு இது புதிதில்லை, எங்கள் தெருவில் ஜன்னல் கம்பிக்கே அந்தக் கதிதான். அந்தக் கிளாம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. குறையக் குறைய நான் ஊற்றியது வீட்டுப் போர்த் தண்ணீர்.

இங்கேதான் குற்றம் என் தலையில் வந்து உட்காருகிறது. எங்கள் பக்கம் தண்ணீர் எப்படியென்று தெரிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் வருகிற அன்றைக்குக் குடத்தை வரிசையில் வைத்துப் பிடித்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்வோம். அதை யார் காருக்கு ஊற்றுவார்கள்? துணி, பாத்திரம், குளியல், ரேடியேட்டர் எல்லாவற்றுக்கும் உப்புத்தண்ணிதான். வெந்நீர் போடுகிற அண்டாவின் அடியில் ஆறு மாதத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் படியுமே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் படிந்திருக்கிறது. அண்டாவைச் சுரண்டலாம். ஹீட்டர் காயிலின் குழாய்கள் சன்னமானவை, அதற்குள் எதைவிட்டுச் சுரண்டுவது? போதாததற்கு அந்த உப்பு உள்ளே இருக்கிற அலுமினியத்தையும் அரிக்கும். ரேடியேட்டர் பாதி அடைத்ததால் வண்டி சூடேறியது, சூடேறியதால் தெர்மோஸ்டாட் போனது, அது போனதாலும் காயில் அடைத்ததாலும் கொடைக்கானலில் அம்மாவுக்குக் கை விறைத்தது.

"கூலண்ட் ஊத்துங்க தம்பி"ன்னு காக்கா எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். "இங்க என்ன பனியா கொட்டுது?" என்று கேட்டவன் நான். உறையாமல் இருப்பது அதன் பாதி வேலைதான். கூலண்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் சாதாரண அழுத்தத்திலேயே கொதிநிலை சுமார் 106 டிகிரிக்கு ஏறும், மூடியின் அழுத்தம் அதை இன்னும் மேலே தள்ளும். துருப்பிடிக்காமல் பார்ப்பதும் அதில் இருக்கிற மருந்துதான். பனி கொட்டுகிற ஊரைவிட எங்கள் ஊருக்குத்தான் அது அவசியம் என்று இப்போது நான் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன்.

வேலை இரண்டு நாள் ஆனது. ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்தார்கள். ஹீட்டர் காயிலின் இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியே வருகிற வழியில் உள்ளே விட்டு, அதாவது தலைகீழாக, மிதமான அழுத்தத்தில் அடித்தார்கள். முதலில் செங்கல் நிறம், அப்புறம் வெள்ளைத் துகள், கடைசியில் தெளிவு. வடிந்ததைத் தரையில் விடாமல் கேனில் பிடித்துவைத்தார் காக்கா. கூலண்ட் கலந்த தண்ணீர் இனிக்கும், பட்டறை நாய் நக்கினால் செத்துப்போகும் என்றார்.

புது தெர்மோஸ்டாட்டை நானே வாங்கினேன். மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யலாம், வீட்டில் திட்டு வாங்கத் தயாராக இருந்தால். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடிப்பாகம் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால், கொதி வருவதற்குச் சற்று முன்னால் வாயைத் திறக்கும், ஆறும்போது மூடிக்கொள்ளும். பிள்ளை கைதட்டினாள். மனைவி அந்தப் பாத்திரத்தை இனிமேல் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கடைசி வேலை ஏர் லாக் எடுப்பது. காலி செய்து நிரப்பிய வண்டியில் இதை விட்டால் எல்லாம் புதிதாக இருந்தும் ஹீட்டர் குளிர்காற்றைத்தான் ஊதும். முன்பக்கம் மேடான இடத்தில் நிறுத்தி, ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்தார். குமிழி குமிழியாக வந்தது, மட்டம் இறங்க இறங்கக் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்த கலவையை ஊற்றிக்கொண்டே இருந்தார். குமிழி நின்றதும் மூடி போட்டார். கிளாம்பெல்லாம் எவர்சில்வரில் மாற்றியாயிற்று.

சோதனை ஓட்டம் பாம்பன் பாலம்வரை, மதியம் இரண்டு மணிக்கு, ஹீட்டர் முழுச் சூட்டில். முள் ஏறி நடுவில் நின்றது, அதற்குமேல் போகவில்லை. பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்வை ஒழுக வந்த எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். காக்கா அப்போது சொன்ன இன்னொரு விஷயம் கடற்கரைக்காரர்களுக்கு உதவும்: மே மாதத்தில் முள் ஏறுகிறது, ஓரங்கட்ட இடமில்லை என்றால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுதாகப் போட்டுவிடவேண்டும். காயில் இரண்டாவது ரேடியேட்டர் மாதிரி கொஞ்சம் சூட்டை வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும், நாம் வேகலாம், எஞ்சின் தப்பிக்கும். ஓரங்கட்டும்வரைதான், அதோடு ஊர்வரை ஓட்டக்கூடாது.

ஆனால் இடதுபக்கக் காற்று இன்னும் வலதுபக்கத்தைவிடச் சூடு குறைவாகத்தான் வருகிறது. காயிலில் சில குழாய்கள் திறக்கவே இல்லையாம். புதிது போடவேண்டுமென்றால் டேஷ்போர்டை இறக்கணும், அது தனியாக ரெண்டு நாள் வேலை என்கிறார் காக்கா. அடுத்த டிசம்பருக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். அதுவரை மலைக்குப் போவதென்றால் அம்மா வலதுபக்கம்தான் உட்காரவேண்டும்.