கோண்டாவில் வீடும் அதன் கிணறும்

மாசி மாதம் தொடக்கம் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசப்படும் விடயம் ஒன்றுதான்: யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டு பரப்புக் (ஏக்கரில் எட்டில் ஒன்று) காணியோடு இருக்கும் மூன்று அறை வீட்டை வாங்குவதா, கந்தர்மடத்து வாடகை வீட்டிலேயே இன்னும் சில வருடங்களைக் கழிப்பதா. கலியாணம் செய்து பதினொரு வருடத்தில் மூன்று தடவை வீடு மாறிவிட்டோம். மூன்று தடவையும் காரணம் ஒன்றே. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் விற்கப்போகிறார், அல்லது திரும்பி வரப்போகிறார். (வரப்போவதாகச் சொன்ன இருவரும் இன்றுவரை வரவில்லை என்பது வேறு கதை.)

தரகர் அந்த வீட்டை நிமிடங்களால் அளந்து காட்டினார். "றோட்டுக்கு மூண்டு நிமிசம், ஸ்ரேசனுக்கு ஏழு, கம்பசுக்குப் பத்து, எயார்போட்டுக்கு இருபது, இதை விட்டால் இப்பிடி ஒண்டு கிடையாது தங்கச்சி" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நகரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீற்றர் தூரத்தில், நல்லூர்ப் பிரதேச சபை எல்லைக்குள் இருக்கும் கோண்டாவிலுக்கு ஒரு பக்கம் பலாலி வீதி, மறு பக்கம் காங்கேசன்துறை வீதி, இரண்டுக்கும் இடையில் புகையிரதப் பாதை என்று எல்லாமே இருக்கின்றன. திருநெல்வேலிச் சந்தையும் பல்கலைக்கழகமும் சைக்கிளில் போகும் தூரம்தான்.

ஆனாலும் ஒரு கிழமை முழுவதும் நாங்கள் அந்த நிமிடங்களை நடந்தும் ஓடியும் பார்த்தோம். என் கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. காலை ஆறு மணிக்கே கண்டி வீதியில் பஸ் ஏறவேண்டியவர். கந்தர்மடத்திலிருந்து அவருக்கு அது எளிது, கோண்டாவிலிலிருந்து என்றால் முதலில் நகரப் பக்கம் வந்து, பிறகுதான் தெற்கே திரும்ப வேண்டும். புகையிரத நிலையம் கிட்ட இருப்பதைக் கேட்டவுடன் மனம் குளிர்கிறது. 1990 யூனில் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி புரியும். என்றாலும் நாளுக்குச் சில தடவை மட்டுமே ஓடும் அந்த ரயிலின் நேரம் அலுவலக நேரத்தோடு பொருந்தவில்லை. வருடத்தில் இரண்டு மூன்று முறை கொழும்புக்குப் போவதற்காக நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்குவது, கொடியேற்றம் பார்ப்பதற்காக நல்லூர்க் கோயில் வாசலில் வாடகைக்கு இருப்பதைப் போன்றதே. அதையும் இரண்டு வருடம் செய்து பார்த்திருக்கிறோம்; திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மோட்டார் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாமல் திண்டாடியதுதான் மிச்சம். பலாலி வீதியில் பகலில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. இருட்டிய பிறகு ஓட்டோதான். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் திருநெல்வேலிச் சந்தியைக் கடப்பதற்குத் தரகர் தம் கணக்கில் நிமிடமே ஒதுக்கவில்லை.

இவற்றையெல்லாம் அப்பாவிடம் ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, றோட்டு எங்கையும் போகாது. நீ கிணத்தை எட்டிப் பாத்தனியே?"

பார்த்திருக்கவில்லை. அறைகளையும் குசினியையும் மதிலையும் பார்த்தோம். வளவின் பின்மூலையில், தண்ணீர் இறைக்கும் துலாவின் ஆடுகால்கள் மட்டும் மிஞ்சி நிற்கும் கட்டுக்கிணற்றை ஓர் அழகுப் பொருளாகப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் ஒரு படலமாகத் தங்குகிறது என்பதும், அந்தப் படலத்தைத்தான் நாம் அனைவரும் வாளியாலும் மோட்டராலும் அள்ளிக்கொண்டிருக்கிறோம் என்பதும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும் என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்த விடயங்கள்தாம். படித்ததை வீடு பார்க்கப் போகும்போது கொண்டுபோகவில்லை. கோண்டாவில் செம்மண் பூமி. நல்ல தண்ணீருக்குப் பேர்போனது. யாழ் நகரத்துக் குழாய்களுக்கே அந்தப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து தண்ணீர் போயிருக்கிறது. அந்தப் பெயரை நம்பித்தான் நாங்கள் கிணற்றை விட்டுவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது தண்ணீர் தெளிவாக இருந்தது, வாயில் வைத்தால் உவர்ப்பும் இல்லை. ஆனால் நைத்திரேற்றை நாக்கு கண்டுபிடிக்காது. தோட்டங்களுக்குப் போடும் யூரியாவும், நெருக்கமாகக் கட்டிய வீடுகளின் மலகூடக் குழிகளும் சேர்ந்து கோண்டாவிலும் அடங்கும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அதனை ஏற்றியிருக்கின்றன; குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். உண்மையில் தண்ணீர் ஆவியாகிக் குறைய, மிஞ்சும் தண்ணீரில் அதன் செறிவு கூடவே செய்கிறது. போத்தலில் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தோம். பெறுபேறு எல்லைக்குக் கீழேதான் வந்தது, வெகு கீழே அல்ல. மாசியில், மழைநீர் இன்னும் நிறைந்திருக்கும்போது வந்த கணக்கு அது. ஆவணியில் என்னவாக இருக்கும் என்பதே என் கேள்வி.

மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மலகூடக் குழி எங்கள் கிணற்றிலிருந்து பத்துக் காலடி தூரத்துக்குள் இருக்கிறது. அவரைக் குறைசொல்லவும் முடியாது, இரண்டு பரப்புக்குள் வீடும் கிணறும் குழியும் வைக்க வேண்டுமென்றால் எதை எங்கே தள்ளுவது? ஒரு காலத்தில் பதினாறு பரப்பு, அதாவது ஒரு முழு ஏக்கர், ஒரே வளவாகக் கிடந்த இடங்கள் பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து, வசதியான இடம் என்று எல்லோரும் வந்து குடியேறக் குடியேற, அந்த வசதியே கிணற்றுக்குப் பகையாகிவிட்டது. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டதைச் சொல்லித் தரகர் ஆறுதல் தந்தார். அந்த ஒழுங்கைக்குக் குழாய் இன்னும் வரவில்லை.

காணி உறுதியை வாசித்தது அப்பா. மூலப்பிரதி 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் தொலைந்துபோனதால் காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி ஒன்றே எங்களுக்குக் காட்டப்பட்டது. அதன் கடைசி வரிகளில் "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் போக்குவரத்துரித்தும்" என்று இருந்தது. நாங்கள் முழுக்கிணறு என்று நினைத்திருந்தது பங்குக் கிணறு! விற்பவர் ரொறன்ரோவில் இருக்கும் ஓர் அம்மா. வீடு அவருக்குச் சீதனமாக வந்தது. அவர் சார்பில் கையொப்பமிடும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் பெற்ற அவருடைய மைத்துனர் இங்கே அலுவல் பார்க்கிறார். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இன்றும் எங்கள் காணிகளில் உயிரோடு இருக்கிறது என்பதை அன்று அப்பா விளங்கப்படுத்திய அளவுக்கு யாரும் எனக்கு விளங்கப்படுத்தியதில்லை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்த ஆதனத்தை விற்பதென்றாலும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பிரிக்கப்படாத பங்கு விற்கப்படுவதென்றால் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பங்காளருக்கும் விற்பவரின் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் அறிவித்தல் கொடுக்கவேண்டும்; கொடுக்காவிட்டால் அவர்கள் வழக்குப் போடலாம். வீடு நிற்கும் காணி பிரிந்ததுதான், ஆனால் கிணற்றின் மற்றப் பங்குகளில் ஒன்று பாரிஸில் இருக்கும் ஒருவருடையது. அவரிடமிருந்து ஆட்சேபனை இல்லையென்று ஒரு கடிதம் கேட்டோம். தரகர் சிரித்தார். எங்களுக்குக் காணி பார்த்துத் தர வந்த உறவினர் ஒருவர்கூட, "இப்பிடியெல்லாம் பாத்தால் யாழ்ப்பாணத்திலை ஒரு காணியும் வாங்கேலாது" என்றார்.

பணக் கணக்கு இவ்வளவு சிக்கலானதல்ல, ஆனால் கசப்பானது. கேட்கும் விலை 2 கோடி 20 இலட்சம் ரூபா. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம் என்று 8 இலட்சத்து 79 ஆயிரம்; நொத்தாரிசுக் கட்டணம் வேறு. நாங்கள் இப்போது கொடுக்கும் வாடகை மாதம் 35,000. அந்த விலைக்கு ஐம்பத்திரண்டு வருடம் வாடகை கொடுக்கலாம் என்று என் கணவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவருடைய கரவெட்டி முதுசக் காணியை விற்று, சேமிப்பைச் சேர்த்தாலும் 80 இலட்சம் கடன் எடுக்கவேண்டும். பதினைந்து வருடத்துக்கு 12 வீத வட்டியில் மாதம் 96,000. இதே கடனுக்கு 25 வீதம் என்றால் 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். 2022இன் கடைசியில் வட்டி அந்த உயரத்துக்கும் அப்பால் போனதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள்; மாறும் வட்டிக்குக் கையொப்பமிடும் துணிவு எனக்கு இல்லை. நிலையான வட்டி தரும் வங்கி ஐந்து வருடத்துக்கு மட்டும் அதைத் தருகிறது.

ஆனாலும் ஐம்பத்திரண்டு வருடக் கணக்கை நான் முழுதாக ஏற்கவில்லை. வீடு மாறும்போதெல்லாம் மகள் தான் நட்ட செவ்வரத்தையை விட்டுவிட்டு வருவதும், உரிமையாளரின் தொலைபேசி எண் தெரிந்தாலே என் வயிறு கலங்குவதும் அந்தத் தாளில் எழுதப்படவில்லை. எனக்கு வீடு வேண்டும். பலாலி வீதிக்கு மூன்று நிமிடமா பன்னிரண்டு நிமிடமா என்பதில் இப்போது எனக்கு அக்கறை குறைந்துவிட்டது. இணுவிலுக்குள்ளே, பஸ் பாதையிலிருந்து சற்றுத் தள்ளி, தனிக் கிணற்றோடு மூன்று பரப்பு ஒன்று இதைவிடக் குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. என் கணவரின் பயணம் இன்னும் நீளும் என்பதால் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கிறேன்.

தரகர் தவணை வைத்திருக்கிறார்: நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர் வந்திறங்குமுன் அச்சாரம் கொடுக்கவேண்டும், அல்லாவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார். பாரிஸ் கடிதம் வராமல் ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டோம். கிணறு அடிமட்டத்துக்கு இறங்குவதும் ஆவணியை அண்டித்தான். அப்போதும் வீடு விலைபோகாமல் இருந்தால், மறுபடியும் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துப்போகச் சம்மதம் கேட்டு மைத்துனருக்கு நேற்றுத் தொலைபேசி எடுத்தேன். அவர் உடனே ஓம் சொன்னார். மற்றப் பங்காளரும் கேட்டால் தண்ணீர்ச் சோதனைப் பெறுபேற்றின் பிரதி ஒன்று தரும்படி அவரே கேட்டுக்கொண்டார்.