புதுச்சேரியில் ஒரு ‘கொ’

சிதம்பரத்தில் 18 வருடமாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாமே பேஜ்மேக்கர் 7-இல்தான். 2001-இல் வந்த மென்பொருள் அது. அதற்குப் பிறகு புதுப் பதிப்பே கிடையாது. ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் இதைச் சொல்லியே என்னைக் கிண்டலடிப்பார். புதுச்சேரியில் ஸ்கிரைபஸ் 1.6 என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கருத்தரங்கு, கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடும் உண்டு என்று அவர்தான் இழுத்தார். தமிழ் வாத்தியார் ஒருவரும் சேர்ந்துகொண்டார். அவர் கண் முழுக்க காந்தி வீதியில் போடும் சண்டே மார்க்கெட்டின் பழைய புத்தகங்கள் மேல்தான்.

காலை ஆறரைக்குப் பஸ். கடலூரில் டீ. தென்பெண்ணைப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முள்ளோடை. அங்கே புதுச்சேரி எல்லை தொடங்குவதைச் சொல்லப் பலகை வேண்டியதில்லை, ஒயின்ஷாப் வரிசையே சொல்லிவிடும். வாத்தியார் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டூடியோக்காரர் திருப்பிக்கொள்ளவில்லை.

நேரு வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். அச்சுத் தொழில்காரர்கள் என்று பார்த்தால் என்னோடு சேர்த்து மூன்று பேர். புரொஜெக்டர் மடிக்கணினியோடு ஒத்துப்போக அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது.

பாடம் நடத்திய பெண் முதலில் அடித்துக் காட்டியது ‘கொ’.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகிய விரல்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் தெரியும். முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். இப்போது எல்லோருக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அப்படி இல்லை. க-வுக்குப் பின்னால் ஒகரக் குறி மட்டும்தான். கொம்பை முன்னால் கொண்டுபோவதும் காலைப் பின்னால் நிறுத்துவதும் மென்பொருள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. 2012-இல் வந்த ஸ்கிரைபஸ் 1.4-க்கு அது தெரியாது. கொம்பு இடம் தவறி அநாதையாக நிற்கும். நானே ஒருமுறை போட்டுப் பார்த்து அன்றைக்கே தூக்கிவிட்டேன். 2024 புத்தாண்டு அன்று வெளியான 1.6-இல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் நிரலைச் சேர்த்திருக்கிறார்கள். அது பாரசீகப் பெயராம், ‘திறந்த எழுத்து’ என்று பொருள்.

அவர் எழுத்தின் அளவை 200-க்கு ஏற்றினார். திரை முழுக்க ஒரே ஒரு ‘கொ’, கொம்பும் காலும் அதனதன் இடத்தில். பிள்ளைகள் அசையவில்லை. விவரம் தெரிந்த நாள் முதல் வாட்ஸ்அப்பில் பார்க்கிற எழுத்துதானே! பின்வரிசை அச்சகக்காரர் மட்டும் ‘அட’ என்றார். நானும்தான்.

வாத்தியார் எழுந்தார். “வரி உடையும்போது மெய்யெழுத்து அடுத்த வரிக்கு முதலில் போய் நிற்காதே?”

“அதை நீங்கள்தான் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றார் அந்தப் பெண். வாத்தியாருக்கு அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

என் கேள்வி வேறு. பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பழைய கோப்புகளை என்ன செய்வது? பென் டிரைவில் கொண்டுபோயிருந்த பத்திரிகை ஒன்றை லிபர்ஆபீஸ் டிரா என்ற இன்னொரு இலவச மென்பொருளில் திறந்து காட்டினார். கட்டங்கள் வந்தன. எழுத்து? அங்கே பாமினி எழுத்துரு கிடையாது. ‘அம்மா’ இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்தை மாற்றிக்கொள்ளக் கன்வர்ட்டர்கள் இருக்கின்றன, பக்கத்தைத் திரும்பக் கட்ட வேண்டியது நாம்தான். நான்கு வண்ண அச்சுக்கு வேண்டிய சி.எம்.ஒய்.கே. பி.டி.எஃப். ஸ்கிரைபஸிலிருந்து நேராகவே வருகிறது, அது நல்ல விஷயம்.

சாப்பிட உட்காரும்போது கடைப் பையனிடமிருந்து போன். “அண்ணே, டீக்கடைக்காரங்க சங்கத்துலேர்ந்து அம்பது போஸ்டர். நாலு மணிக்குள்ள வேணுமாம்.”

“இங்கேயே புதுசுல போட்டு அனுப்புங்களேன்” என்று ஸ்டூடியோக்காரர் என் மடிக்கணினியைக் காட்டினார். மென்பொருளை அப்போதுதான் ஏற்றியிருந்தேன். திறந்தேன். வெள்ளைப் பக்கம். எந்தப் பட்டன் எங்கே என்று தேடுவதற்குள் சாம்பார் சாதம் ஆறிவிட்டது. மூடி வைத்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டேன். “போன வாரம் போட்ட ஃபைலையே எடு. பேரையும் போட்டோவையும் மாத்திடு.”

“சரிண்ணே.”

ஸ்டூடியோக்காரர் எதுவும் சொல்லாமல் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் சண்டே மார்க்கெட்டில் வாத்தியாருக்கு அட்டை கிழிந்த ஓர் அகராதி, எனக்கு இரண்டு டி-ஷர்ட். கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். காந்தி சிலைப் பக்கம் காலாற நடந்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

சிதம்பரத்தில் இறங்கும்போது மணி பத்து இருக்கும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் எங்கள் போஸ்டர், பசை இன்னும் காயவில்லை. பெயர் சரி. போட்டோ சரி. அடியில், ‘இவண்: ஆட்டோ ஓட்டுநர் நண்பர்கள்’.

போன வாரத்து ‘இவண்’.

பையனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.