கோட்டை ஆறாம் வரிசையை விட்டு நகரக்கூடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் நடக்கும் சதுரங்கப் போட்டியில், பசியாறும் நேரம் தாண்டியும் முடியாத ஆட்டங்களைக் கவனியுங்கள். ஆளுக்கொரு கோட்டை (பழைய ஆட்கள் யானை என்பார்கள்), ஒருவரிடம் மட்டும் கூடுதலாக ஒரு சிப்பாய். டிரா ஆக வேண்டிய ஆட்டம், பயத்தில் தோற்கும்.

வெள்ளை ராஜா டி5 (எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கமிருந்து எண்ணும் கிடைவரிசை), சிப்பாய் இ5, கோட்டை ஏ7. கருப்பு ராஜா இ8, கோட்டை பி6. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோரின் தற்காப்பு இது. ஆறாம் வரிசையில் கருப்புக் கோட்டை காவல் இருக்கும்வரை வெள்ளை ராஜா ஏற முடியாது. ஆகவே பி6, ஜி6, எச்6 என்று அங்கேயே உலாத்துங்கள். பொறுமை இழந்து வெள்ளை சிப்பாயை இ6க்குத் தள்ளினால், உடனே கோட்டையை முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். ராஜா டி6 வந்தால் டி1இல் செக், இ5 போனால் இ1இல் செக். ஒளிந்துகொள்ள இருந்த ஒரே கட்டம் இ6. அதில் இப்போது சொந்தச் சிப்பாயே நிற்கிறது.

சிப்பாய் நகருமுன்பே செக் கொடுக்க ஓடுவதுதான் வழக்கமான தப்பு. ராஜா இ6க்கு வந்து பதுங்கிக்கொள்ளும். அதன் பிறகும் டிரா உண்டு, ஆனால் ஒவ்வொரு நகர்வும் சரியாக இருக்க வேண்டும். கோட்டையை எட்டாம் வரிசையில் முடக்குவது அதைவிட மோசம். ஓரச் சிப்பாய்க்கும் அதன் பக்கத்துச் சிப்பாய்க்கும் அது தாங்கும், நடுச் சிப்பாய்க்குத் தாங்காது.

அடுத்தது பேனா வேலை. ஒரே நிலை, அதே ஆளின் முறை, மூன்றாம் தடவை வந்தால் டிரா கேட்கலாம். அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. உங்கள் நகர்வால் அந்த நிலை வரப்போகிறது என்றால், நகர்வைத் தாளில் எழுதுங்கள், காயைத் தொடாதீர்கள், நடுவரைக் கூப்பிடுங்கள். தொட்டால் அந்த முறைக்கு உரிமை போச்சு. தப்பாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். சிப்பாய் நகராமல், வெட்டும் இல்லாமல் இருவரும் தலா 50 நகர்வுகள் ஆடியிருந்தாலும் கேட்கலாம்.

ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரத்தில் 30 விநாடி கூடாத ஆட்டத்தில், கடைசி 5 நிமிடத்தில் நகர்வுகளை எழுதக் கட்டாயமில்லை. ஆனால் எழுதாதவர் எதைக் காட்டி டிரா கேட்பார்?

மழை தகரக் கூரையில் இறங்கும்போது ‘சார்’ என்ற குரல் நடுவர் மேசைவரை போகாது. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்குங்கள்.