சுவருக்குத் தண்ணீர் ஊற்றியவன்

லடாக்கின் லேயில் விமானம் இறங்கியதும் நேராக வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஈரோட்டில் இருபத்திரண்டு வருடம் கட்டட மேற்பார்வை பார்த்தவனுக்கு, தொண்டாக ஒரு பள்ளியின் இரண்டு வகுப்பறைகளைச் செப்பனிடுவது பெரிய காரியமா? அழைத்துப் போக வந்தவர் என்னைப் போய்ப் படுக்கச் சொன்னார். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நான் வேலை செய்ய வந்த பள்ளிக்கூடமோ உப்ஷி என்ற ஊரையும் தாண்டி, 4,000 மீட்டருக்கு மேல். இரண்டு நாள் படுக்கை, நிறையத் தண்ணீர், மறுபடியும் படுக்கை. விடுதியின் பன்னிரண்டு படிகளை ஏறிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியபோது என் சவடால் அடங்கியது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யவில்லை, போஸ்ட்பெய்ட் வாங்கிக்கொண்டு போனேன். இன்னொன்று, தொண்டு செய்ய வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கும் அமைப்புகள் உண்டு. வாங்குவது தப்பில்லை. அதில் மரத்துக்கு எவ்வளவு, உள்ளூர் ஆட்களின் கூலிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். முதலில் நான் பேசிய ஓர் அமைப்பு இந்தக் கேள்விக்குப் பதிலாகப் புகைப்படங்களை அனுப்பியது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

லே பக்கம் ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் மழைதான். அதற்கு மண் கூரை போதும். பாப்ளர் மர உத்தரம் போட்டு, அதன்மேல் வில்லோக் குச்சிகளை நெருக்கமாக அடுக்கி, புல் பரப்பி, மண் கொட்டி, கடைசியில் மர்கலக் என்ற வழுவழுப்பான களிமண்ணை மெழுகிவிடுவார்கள். ஆனால் மழை அடித்துப் பெய்தால் இந்தக் கூரை தாங்காது. 2010 ஆகஸ்ட் மேகவெடிப்பில் லே பட்ட பாட்டை இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியிலும் கூரை ஒழுகி, உட்சுவர்ப் பூச்சு பாளம் பாளமாக விழுந்திருந்தது. தகரம் போட்டுவிடலாமே என்றேன். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்குப் போகும் ஊரில் தகரத்தின் கீழ் உன் பிள்ளையை உட்கார வைப்பாயா என்று கேட்டார் அமா-லே.

அமா-லே என்றால் அம்மா. வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், ஆண்கள் அபா-லே. இந்தி தட்டுத்தடுமாறும் எனக்கு, நாக்கில் தடையில்லாமல் வந்த வார்த்தைகள் இந்த இரண்டும்தான். பூச்சு வேலை முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. நான் கொண்டுபோன ரசமட்டத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பத்திரமாக ஜன்னலில் வைத்தார். பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் வடக்குச் சுவரின் உள்பக்கம் முழுவதையும் நானே பூசினேன். மணியாஸ்கட்டை போட்டுத் தேய்த்து முடித்தபோது, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. சாயங்காலம் எல்லோரும் தேநீருக்குப் போனதும், பழக்க தோஷம், இரண்டு வாளித் தண்ணீரை மொண்டு சுவர் முழுக்க அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் பூசிய சுவரை நனைக்காமல் விடுகிற கொத்தனார் மேஸ்திரியிடம் திட்டு வாங்குவான். சிமெண்டுக்குத் தண்ணீர் உயிர். மண்ணுக்கு அது எமன் என்பது காலையில்தான் உறைத்தது. பாதிச் சுவர் வழிந்து தரையில் குவிந்திருந்தது. மீதி, இரவுக் குளிரில் உப்பி, தட்டினால் பொத்தென்று ஓசை எழுப்பியது.

அமா-லே திட்டவில்லை. குவியலை மண்வெட்டியால் இழுத்துக் குழிக்குள் தள்ளினார், நறுக்கிய வைக்கோலைத் தூவினார், என் செருப்பைக் காட்டிக் கழற்று என்றார். முழங்கால்வரை சேறு, பனி உருகிய ஓடைத் தண்ணீர். பத்து நிமிடத்தில் பாதம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மிதித்தது போதுமா என்று கேட்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். பவானியில் என் பாட்டியும் வீட்டுச் சுவருக்கு இப்படித்தான் மண்ணை மிதித்து, ஓர் இரவு புளிக்க விடுவாள். அந்த வீட்டை இடித்துக் கான்கிரீட் போட்டவன் நான்தான். அமா-லேயிடம் அதைச் சொல்லவில்லை.

தெற்குச் சுவர்தான் அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. வெளிப்பக்கம் கறுப்பு வண்ணம் பூசி, அதற்கு ஒரு சாண் முன்னால் மரச்சட்டத்தில் கண்ணாடி பொருத்துகிறார்கள். சுவரின் அடியிலும் உச்சியிலும் ஓட்டைகள். வெயிலில் சூடாகும் காற்று மேல் ஓட்டை வழியாக வகுப்புக்குள் போகும், வகுப்பின் குளிர்ந்த காற்று கீழ் ஓட்டை வழியாகக் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே இழுபடும். இரவில் ஓட்டைகளை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று திரும்பி ஓடி அறை குளிர்ந்துவிடும். பகலில் வாங்கிய சூட்டைத் தடித்த மண்சுவர் மெல்ல உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். விறகு அரிதான ஊரில் அடுப்பில்லாத அடுப்பு.

பன்னிரண்டாம் நாள் கண்ணாடி ஏற்றினோம். ஆறில் ஒன்று வரும் வழியிலேயே உடைந்திருந்ததால் அந்தச் சட்டத்தில் ஒட்டுப்பலகை அடித்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு மேஜைமீது ஏறி மேல் ஓட்டையில் கை வைத்தேன். மாட்டின் மூச்சு போல வெதுவெதுப்பு. கீழே நின்ற பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள், ஒவ்வொருவராகத் தூக்கிக் காட்டினேன். நாலாவது பிள்ளைக்கே எனக்கு மூச்சு முட்டியது. மீதிப் பேரை அமா-லே தூக்கினார்.

நான் கிளம்பும்வரை மாற்றுக் கண்ணாடி லேயிலிருந்து வந்து சேரவில்லை.