ஜூன் மாதத்துக் கையெழுத்துகள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் தாலுகா அலுவலகத்துக்குள் நுழைவது தேர்க்கூட்டத்துக்குள் நுழைவது போல. கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தியும் அதே நாட்களில்தான் வந்து சேரும். ஒருபக்கம் கிராமக் கணக்குகள். மறுபக்கம் சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று மனுக்கட்டுகள். வட மாவட்டங்களில் மண்டலத் துணை வட்டாட்சியராக இருந்த ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் சான்றுகளில் கையெழுத்துப் போட்டேன் என்று கணக்கில்லை. இரவு சாப்பிட உட்காரும்போதும் விரலில் முத்திரை மை ஒட்டிக்கொண்டிருக்கும்.

2014 ஜூனில் சிறிய கோயில் ஒன்றின் அர்ச்சகர் தன் மகனோடு வந்தார். முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். 2010இல் வந்த திட்டம் அது. வீட்டில் யாருமே பட்டம் வாங்கியிருக்காவிட்டால், கலந்தாய்வு வழியாகச் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை. சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. அர்ச்சகர் படித்தது வேதபாடசாலையில். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்ட பையன் நகரவில்லை. என் பெண்ணும் அவனும் ஒரே டியூஷன். “சார், எங்கள் அப்பாவைவிட உங்களுக்கு வசதி அதிகம். அவளுக்கு ஒதுக்கீடு உண்டு, எனக்குக் கிடையாது. என் தாத்தா காலத்துக் கணக்கை நான் ஏன் தீர்க்க வேண்டும்?” என்றான். அர்ச்சகருக்கு முகம் வெளுத்துவிட்டது. “குழந்தை தெரியாமல் பேசுகிறான் சார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்றார்.

அலுவலகப் பதில் ஒன்று கைவசம் இருந்தது. தமிழ்நாட்டில் ஒதுக்கீடு 69 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. மீதி 31 எந்தச் சாதிக்கும் உரியதல்ல, மதிப்பெண் இருக்கும் யாரும் எடுக்கலாம், பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளே அதில் நிறைய எடுக்கிறார்கள் என்றேன். பையன் ஒரு நிமிடம் யோசித்தான். “அப்படியானால் எனக்கு இன்னும் குறைகிறதே சார்.” பக்கத்து மேசை உதவியாளர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. ஊரில் பத்து வயதுப் பையன்கூட அவரை ‘வா, போ’ என்றுதான் அழைப்பான். அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்தான் கூலி. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காட்டைத் தனியாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு தேர்வாணையத் தேர்வு எழுதி, அந்தக் கணக்கில் இளநிலை உதவியாளராக வந்தவன் நான். பட்டம் பிறகு அஞ்சல் வழியில் வாங்கினேன். வட்டாட்சியர் ஒருவர் முதன்முதலில் “உட்காருங்கள்” என்றபோது எந்த நாற்காலி என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தேன். ஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டமல்ல என்று நான் சொல்வது புத்தகத்தில் படித்து அல்ல. அப்பாவிடம் காசு இருந்திருந்தாலும் அந்த ‘வா, போ’ மாறியிருக்காது.

ஆனால் என் பெண்ணை யாரும் அப்படி அழைத்ததில்லை. அவள் துணை வட்டாட்சியரின் மகள். டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போனவள். பின்னாளில் சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தபோது வீட்டுக்காரர் அவளிடம் “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்டார் என்பதும் உண்மை. ஆக, கணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு இருந்த அதே கடன் அவளுக்கும் இருக்கிறது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் கைவைத்தால் சுடும் என்பது கோட்டைக்கே தெரியும். 1979இல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார். 1980 மக்களவைத் தேர்தலில் அடி விழுந்தது. வரம்பை எடுத்துவிட்டு, அவர்களுக்கு 31 விழுக்காடாக இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக்கினார். வருமானக் கோடு எனக்கும் பிடிக்காது. வருமானச் சான்று எப்படித் தயாராகிறது என்று அறிந்தவன். ஆனால் எங்கள் பிரிவின் அதே 20 விழுக்காட்டுக்குள், வீட்டில் பட்டமே பார்க்காத பிள்ளையை என் பெண்ணுக்கு முன்னால் நிறுத்தினால் மறுக்க மாட்டேன். 2009இல் பட்டியல் சாதியினரின் 18க்குள், அவர்களிலும் பின்தங்கிய அருந்ததியருக்கு 3 ஒதுக்கியது அந்த வழியில் ஒரு அடிதான். இதை அன்று அந்தப் பையனிடம் சொன்னேனா? இல்லை. “நேரமாகிறது, அடுத்தவர் வரட்டும்” என்றேன்.

அடுத்தவர் வரிசையில் இல்லை, மேசையில் கோப்பாக இருந்தார். செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர் ஒருவரின் மகன். பிளஸ் டூ தேறியிருந்தான். பழங்குடிச் சான்றை வழங்குபவர் கோட்டாட்சியர். விசாரணை அறிக்கை எங்களிடமிருந்து போக வேண்டும். அந்தக் குடும்பத்தில் யாரிடமும் பழைய சான்று இல்லை. வீட்டில் ஒரு சான்று இருந்தால் அடுத்தது அரை மணி வேலை, இல்லாவிட்டால் மாதக்கணக்கு. விசாரணையில் அந்தப் பையனை நிற்க வைத்து, “எலி வளையை எப்படிக் கண்டுபிடிப்பாய்? பாம்பு பிடிப்பாயா?” என்று கேட்டேன். இருளர்களின் பரம்பரைத் தொழிலை வைத்து அப்படிக் கேட்பது எங்கள் துறையில் வழக்கம். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கத்தியும் அதைத் தீட்டும் தோல்வாரும் கொடுத்து முகம் மழித்துக் காட்டு என்று எனக்குச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்குத் தெரியாது ஐயா, நான் பள்ளிக்கூடம் போனேன்” என்றான். ‘தெரியாது’ என்று எழுதிக்கொண்டேன்.

ஜூலையில் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் என் பெண்ணுக்குப் பொறியியல் கலந்தாய்வு. வெளிக்கூடத்தில் பெரிய திரை; கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாகக் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அவள் கேட்ட கல்லூரியின் வரிசையில் எங்கள் பிரிவில் ஒன்று குறைந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வரிசையின் கடைசிக் கட்டம் பழங்குடியினருடையது. காலையில் பார்த்த எண்தான் அதில் அப்படியே நின்றது.

மறுநாள் அலுவலகம் போனபோது அந்தக் கோப்பு என் மேசையின் இடது பக்கத்திலேயே இருந்தது. மேல் தாளில் என் கையெழுத்தில் ஒரு வரி: ‘மனுதாரரின் இரத்த உறவினர் எவருக்கேனும் முன்னர் சான்று வழங்கப்பட்டுள்ளதா என விசாரித்து அறிக்கை அளிக்கவும்.’ தேதி ஜூன் மாதத்தது. பையன் சூளைக்குத் திரும்பிவிட்டான் என்று கிராம உதவியாளர் சொன்னார்.